உடன் இருப்பவர்

ஈரோடு பெரியாஸ்பத்திரியில்
ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டார்கள்:
'அந்தாளு உனக்கு என்ன வேணும்?'

நம் பாஷையில் உறவைக் கேட்டாலும்
தேவையைக் கேட்டாலும்
ஒரே கேள்வி.
நான் ரெண்டாவதாகப் புரிந்துகொண்டு
'உசுரு வேணுங்' என்றேன்.
எழுதுகிறவர் பேனாவை மூடிவைத்தார்.

பள்ளிபாளையத்தில் ஆறாம் நம்பர் தறி.
நாடா எகிறி நெற்றிப்பொட்டில் அடித்து
சென்னியப்பன் விழுந்தபோது
மூணு தறி தள்ளித் தார் சுற்றிக்கொண்டிருந்தேன்.
அந்தச் சத்தத்தில் ஆள் விழுந்தது கேட்கவில்லை.
ஒரு தறி நின்றது கேட்டது.

ஆட்டோவில் அவர் தலை என் மடியில்.
பாலத்துக்கு அக்கட்ட நாமக்கல் மாவட்டம்
இக்கட்ட ஈரோடு.
சேலையில் ஊறியது எந்த மாவட்டத்து ரத்தமென்று
இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

'சம்சாரமா?'
இல்லைங்க.
'அக்கா தங்கச்சியா?'
இல்லைங்க.
பதினோரு வருஷம், ஒரே லைன் வீடு, ஒரே கரண்ட் பில்.
முன்பொரு தரம் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா
ரொம்ப நேரம் யோசித்து
'உறவில்லாதவர்னு போட்டுக்கட்டுங்களா' என்றார்.
உறவில்லாதவர் அப்போது
டீச்சரம்மாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

என் பேருக்கு எதிரே 'மணமானவர்' என்றுதான் இருக்கிறது
எல்லாக் காகிதத்திலும்.
கட்டினவன் பிவண்டிக்குப் போனவன் போனவன்தான்.
கட்டின தாலி அடகுக்கடையில் முழுகிப்போச்சு.
ரெண்டையும் மீட்க நான் போகவில்லை.
ரேஷன் கார்டில் மட்டும் அவன் இன்னும் குடும்பத் தலைவன்.
மாசம் தவறாமல் அவன் பங்கு அரிசி வருகிறது,
தின்பது சென்னியப்பன்.
'உன்ற புருசன் அரிசி இன்னிக்குக் கொழைஞ்சுபோச்சு' என்பார்
மோரை ஊற்றிக்கொண்டே.

கையெழுத்துக்கு ரத்த சொந்தம் வேண்டுமாம்.
காங்கயத்துக்குப் போன் போட்டேன்.
பதினோரு வருஷம் பேசாத தம்பி
விடியக்காலம் தேங்காய் வண்டியில் தொற்றி வந்தான்.
என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கினான்.

வயசு?
தம்பி என்னைப் பார்த்தான்.
ஆவணி வந்தால் அம்பத்திரண்டு.
எந்த மருந்தாவது ஆகாதா?
பென்சிலின் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும்.
சர்க்கரை?
இல்லை. திருட்டுத்தனமாய் வெல்லம் தின்பார், ஆனாலும் இல்லை.

சொன்னதெல்லாம் நான்.
செல்லுபடியானது அவன் கையெழுத்து.
அவன்மேல் கோபமில்லை,
எழுத்துக் கூட்டி, கை நடுங்கித்தான் போட்டான்.

பொறவு ரத்தம் கேட்டார்கள்.
அதற்கு மட்டும் யாரும் உறவு கேட்கவில்லை.
எடை பார்த்தார்கள், விரலில் குத்தினார்கள்.
பை நிறைய நிறைய எனக்கொரு நினைப்பு:
இனி எவர் கேட்டாலும் ரத்த சொந்தம் என்று சொல்லலாம்.
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே நர்சுப் பொண்ணு சொன்னாள்,
'உங்களுது வேற குரூப்புங்க்கா.
அது வேற யாருக்காச்சும் போகும்.
அவருக்கு ஸ்டாக்கில இருந்து ஏத்தியாச்சு.'

ஆகவே இந்த ஊரில்
எனக்கொரு ரத்த சொந்தம் உண்டு, யாரென்று தெரியாது.
அவருக்கும் ஒன்று உண்டு.
எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில்தான் இல்லை.

வார்டு வாசலில் காட்ட மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள்.
'உடன் இருப்பவர்' என்று அச்சடித்து
பேர் எழுத ஒரு கோடு.
மைனாவதி என்று நானே எழுதிக்கொண்டேன்.
கிளம்பும்போது திருப்பிக் கேட்டார்கள்.
தொலைந்துபோச்சு என்று சொல்லி
அம்பது ரூபாய் அபராதம் கட்டினேன்.
ஜாக்கெட்டுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

பொழுதோட, நடுப்பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
ஆற்றில் தண்ணி கம்மி.
தையல் போட்ட பக்கம் சாயாமல் கேட்டார்,
'என்னைப் பத்தி அவிககிட்ட என்னன்னு சொன்ன?'
'எனக்குக் கடன் பாக்கின்னு சொன்னேன்.'
'எவ்வளவு?'

கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
பஸ் இன்னும் நகரவில்லை.